ஓட்டுநர் இல்லாத பேருந்தும் லாரியின் பின்பக்கமும்

லிஃப்டின் பொத்தானை அழுத்த ரோபோவுக்கு விரல் கிடையாது. மருத்துவமனையில் கீழ்த்தளத்து மருந்தகத்திலிருந்து ஏழாம் மாடி வார்டுக்கு மருந்து கொண்டுபோக வேண்டிய ரோபோ, லிஃப்ட் வாசலுக்கு வந்ததும் கம்பியில்லா அலைவரிசையில் லிஃப்டோடு பேச வேண்டும். எந்தத் தளத்தில் நிற்கிறது, எங்கே போக வேண்டும் என்று தெரிவிக்க வேண்டும். கதவு திறந்ததும், தான் உள்ளே போய்ச் சேரும்வரை மூடாமல் பிடித்துவைக்கச் சொல்ல வேண்டும். ஏறியாயிற்று, இறங்கியாயிற்று என்று ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் கொடுக்க வேண்டும். ரோபோவைச் செய்தது ஒரு நிறுவனம், லிஃப்டைச் செய்தது இன்னொன்று, வழியில் இருக்கும் தானியங்கிக் கதவு மூன்றாவது நிறுவனத்தினுடையது. மூன்றும் ஒத்துப்போக ஒரு பொது விதி வேண்டும். சிங்கப்பூர் 2021-ல் அப்படியொரு தொழில்நுட்பத் தரநிலையை வெளியிட்டது. ‘டிஆர் 93’ என்பது அதன் பெயர்.

எதிர்கால நகரம் என்றால் பறக்கும் கார்களையும் மனித முகம் வைத்த இயந்திரங்களையும் காட்டியே சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. உண்மையில் அந்த நகரம் வந்துகொண்டிருப்பது லிஃப்ட், சாய்தளம், நடைபாதையின் அகலம், துப்புரவு ஒப்பந்தத்தின் ஷரத்துகள் வழியாக. மனிதரும் ரோபோவும் ஒன்றாகப் புழங்கும் ஊரை இன்றைக்கே பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூரைப் பார்க்கலாம். பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த வேலையை அந்த ஊர் ரோபோவிடம் ஒப்படைக்கிறது? அதே வேலையை இதுநாள்வரை செய்துவந்த மனிதருக்கு அது என்ன செய்கிறது? ரோபோவுக்கு அறிவு எவ்வளவு, உணர்ச்சி வருமா என்ற விவாதங்களெல்லாம் இதற்குப் பிறகு வரட்டும்.

சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023-ல் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளில் 10,000 பணியாளர்களுக்கு 770 ரோபோக்கள் இருந்தன. தென் கொரியா 1,012 என்ற கணக்கோடு முதலிடத்தில் இருந்தது. உலக சராசரி 162. சிங்கப்பூரின் இந்த ரோபோக்களில் பெரும்பகுதி மின்னணு, சிப் ஆலைகளுக்குள் தடுப்புக்குப் பின்னால் இயங்குபவை. தெருவில் போகிறவர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. நமக்கு வேண்டியது அந்தத் தடுப்பைத் தாண்டி வெளியே வந்துவிட்ட ரோபோக்களின் கதை. தரை துடைப்பவை, தட்டு எடுப்பவை, மருந்து சுமப்பவை, பூங்காவில் நடப்பவை.

அவை வெளியே வந்ததற்குக் காரணம் ஆசை அல்ல, ஆள் பற்றாக்குறை. சென்னைப் பெருநகரப் பகுதியைவிடச் சிறிய தீவு அது. 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப் பேறு 0.97. முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே போனது அந்த ஆண்டில்தான். 2030-ல் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார். முதியவரைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்காரவைப்பது யார், உணவங்காடியில் மேசை துடைப்பது யார், கட்டடத்துக்குப் பூச்சு பூசுவது யார்? பல பத்தாண்டுகளாக இதற்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடையாக இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அவர்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்று அரசு நினைத்தபோது, இன்னொரு விடையாக ரோபோ வந்தது. 2016-ல் இதற்காகத் தேசிய ரோபோட்டிக்ஸ் திட்டமே தொடங்கப்பட்டது.

ரோபோவுக்குத் தோதான நகரமாகச் சிங்கப்பூர் மாறியதில் ரோபோவை மனத்தில் வைக்காமலே செய்த வேலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நாட்டு மக்களில் நான்கில் மூவருக்கு மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சில தளங்களில் மட்டும் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் ஒன்றிரண்டு மாடி ஏறியோ இறங்கியோ வீட்டுக்குப் போக வேண்டும். குடியேறியபோது இளைஞர்களாக இருந்தவர்களுக்கு முழங்கால் தேய்ந்தது. 2001-ல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஏறத்தாழ 5 லட்சம் குடும்பங்களின் வீட்டுக்கு நேராக லிஃப்ட் நிற்கும்படி செய்தார்கள். சில கட்டடங்களுக்கு வெளிப்புறத்தில் புதிதாக லிஃப்ட் கூடமே கட்டினார்கள். படியிருந்த இடங்களில் சாய்தளம் வந்தது. நடைபாதைகளுக்குக் கூரை வந்தது. முதியவருக்கும் சக்கர நாற்காலிக்கும் என்று போட்ட இந்தப் பாதையில்தான் இன்று சக்கரம் வைத்த ரோபோ உருண்டு போகிறது. 2021-ல் பொங்கோல் பகுதியில் சுமார் 700 வீடுகளுக்கு மளிகைச் சாமான் கொண்டுவந்த ‘கமெல்லோ’ என்ற ரோபோ, அடுக்குமாடியின் கீழ்த்தளம்வரை வந்து நின்று செல்பேசிக்குச் செய்தி அனுப்ப முடிந்தது என்றால், வழியில் அதற்கு ஒரு படிக்கட்டும் குறுக்கே நிற்கவில்லை என்று அர்த்தம்.

மனிதருக்கு நடக்க வழி செய்த ஊரில்தான் ரோபோவும் நடக்கிறது. நம் நகராட்சிகள் ‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழிக்குச் செலவழித்த கோடிகளை எண்ணும்போது இந்த வரிசைமுறை எனக்கு உறைக்கிறது.

சாங்கி பொது மருத்துவமனையில் 2015 வாக்கில் வேலைக்கு வந்த ‘ஹாஸ்பி’யைப் பார்ப்போம். ஜப்பானின் பானசோனிக் செய்த ரோபோ. இடுப்பளவைத் தாண்டிய உயரம், உருளை உடம்பு, உள்ளே பூட்டிய அறை. மருந்து, ரத்த மாதிரி, நோயாளியின் கோப்பு எதுவானாலும் உள்ளே வைத்து, போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டால் நடைவழியில் ஆட்களுக்கு ஒதுங்கி, கட்டிலைத் தள்ளிக்கொண்டு வருபவருக்கு நின்று வழிவிட்டு, லிஃப்டில் ஏறிப் போய்ச் சேரும். அடையாள அட்டையைக் காட்டினால்தான் பூட்டு திறக்கும். அதனால் மருந்து வழியில் வேறு கைக்குப் போகாது. எந்தப் பெரிய மருத்துவமனையிலும் செவிலியரின் வேலைநேரத்தில் ஒரு பெரும்பகுதி இப்படி நடப்பதிலேயே கரைகிறது. மருந்தகத்துக்கு ஒரு நடை, ஆய்வகத்துக்கு ஒரு நடை, கோப்பு எடுக்க ஒரு நடை. அந்த நடைகளை இயந்திரம் வாங்கிக்கொண்டால் செவிலியர் கட்டிலருகே நிற்கலாம். ரோபோ செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சுமப்பது அதன் வேலை, தொட்டுப் பார்ப்பதும் கேட்பதும் ஆளின் வேலை.

துப்புரவிலும் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். சிங்கப்பூரிலேயே தயாராகும் ‘லயன்ஸ்பாட்’ ரோபோக்கள் வணிக வளாகங்களிலும் அருங்காட்சியகத்திலும் தரை துடைக்கின்றன. முகப்பில் கண் வரைந்த திரை இருக்கும். கண் சிமிட்டும், பேசும், பாட்டுக்கூடப் பாடும். குழந்தைகள் நின்று பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கண்ணைவிட முக்கியமாகப் படுவது சம்பளப் பட்டியல். 2014-ல் துப்புரவுத் தொழிலுக்குப் ‘படிப்படியான சம்பள முறை’ கட்டாயமாக்கப்பட்டது. அதன்படி சம்பளம் தராத நிறுவனத்துக்கு உரிமம் கிடையாது. அந்தப் பட்டியலில் இயந்திரம் இயக்கத் தெரிந்த துப்புரவாளர் என்று தனிப்படி உண்டு. அவருக்கு அடிப்படைத் துப்புரவாளரைவிடக் கூடுதல் சம்பளம். கீழ்ப்படியில் இருப்பவரின் சம்பளமும் ஆண்டுக்காண்டு உயர்ந்து 2028-ல் மாதம் 2,420 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். ரோபோ வந்ததும் பெருக்குமாறை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லாமல், ரோபோவை இயக்குபவராக மேலே ஏற ஒரு படியை எழுதிவைத்திருக்கிறார்கள். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் நிறைந்த தொழில் அது. அவர்களில் எத்தனை பேரால் அந்தப் படியில் ஏற முடியும் என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் படி என்று ஒன்று இருப்பது பெரிய விஷயம்.

அந்தப் படியில் ஏற யாருக்கு அனுமதி என்று பார்த்தால் சங்கடம் தொடங்குகிறது. படிப்படியான சம்பள முறை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வேலை பர்மிட்டில் வந்தவருக்கு அது இல்லை. நாட்டில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் திறன் தேர்வில் தேறி, அதாவது ‘டெஸ்ட் அடித்துவிட்டு’ப் போகிற இளைஞருக்கு, ஏஜென்டுக்குக் கட்டிய கடனும் கம்பெனி தரும் சம்பளமும்தான் கணக்கு. அவரை வேலைக்கு வைத்திருப்பதற்காகக் கம்பெனி அரசுக்கு மாதாமாதம் ‘லெவி’ கட்டுகிறது. கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல் உயர்திறன் தொழிலாளிக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறனாளிக்கு 900 வெள்ளி. இந்தப் பணத்தில் ஒரு காசும் தொழிலாளி கைக்கு வராது. மனிதரை விலை கூடியவராக்கவே போட்ட வரி அது. மறுபுறம், இயந்திரமும் மென்பொருளும் வாங்கும் சிறு நிறுவனங்களுக்கு அரசு மானியம் தருகிறது. ஆளுக்கு வரி, இயந்திரத்துக்கு மானியம் என்று இரண்டும் ஒரே திசையில் தள்ளும்போது முதலாளி எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் ரகசியம் இல்லை. ரோபோ தானாக வந்து வேலையைப் பறித்துக்கொள்வதில்லை. வரியும் மானியமும் போட்டுத் தரும் பாதையில்தான் வருகிறது. பாதை போட்டவர்களிடம் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கரோனா காலத்துக்கு, 2020 மே மாதத்துக்குப் போவோம். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் மஞ்சள் நிற நாலுகால் ரோபோ ஒன்று நடந்தது. பாஸ்டன் டைனமிக்ஸின் ‘ஸ்பாட்’. நடைப்பயிற்சிக்கு வந்தவர்களிடம் இடைவெளி விட்டு நடக்கும்படி பதிவுசெய்த ஆங்கிலக் குரலில் வேண்டிக்கொண்டது. கேமரா வழியாகப் பூங்காவில் எத்தனை பேர் என்று மதிப்பிட்டது. தனிநபரை அடையாளம் காணாது என்று அதிகாரிகள் உறுதி சொன்னார்கள். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. ரயில் நிலையத்தில்கூட நான்கு மொழிகளில் அறிவிப்பு செய்து பழகிய நாட்டில், தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில், ரோபோவுக்கு மட்டும் ஒரு மொழி போதும் என்று அவர்கள் நினைத்தது எனக்கு அப்போதே உறுத்தியது.

அதே ரோபோவை இன்னொரு வேலைக்கும் சோதித்துப் பார்த்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சாங்கி கண்காட்சி மையத்தில் அமைத்த தனிமைப்படுத்தும் முகாமில் நோயாளிகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அது. இயந்திரம் அதே இயந்திரம்தான். பூங்காவில் அது ஆட்களை எண்ணியது, முகாமில் ஓர் ஆளைத் தொற்றிலிருந்து காத்தது.

அந்த மே மாதத்தில் அதே தீவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ‘டார்மிட்டரி’ எனும் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், அதற்கு மேலும். இரட்டைக் கட்டில்கள், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை. இடைவெளி விட்டு நடக்கச் சொல்ல அங்கே ரோபோ போயிருந்தால் விடுவதற்கு இடைவெளியே இருந்திருக்காது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி டார்மிட்டரிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அதில் நம் பிள்ளைகள் ஏராளம். உலகின் மிக நவீனமான ரோபோ ஒன்று பூங்காவில் நடந்த அதே வாரங்களில், அந்த நகரத்தைக் கட்டியவர்கள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோய்க்கு ரோபோ காரணமில்லை. புதுமைக்கு ஒதுக்கும் கவனத்தில் ஒரு பங்கு அந்த அறைகளுக்கு முன்பே போயிருந்தால் இந்த எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். விடுதிகளின் தரத்தை உயர்த்தும் விதிகளைப் பிறகு கொண்டுவந்தார்கள்; வரவேற்க வேண்டியது.

அடுத்த ஆண்டு, 2021 செப்டம்பரில், தோ பாயோ நடுவத்தில் ‘சேவியர்’ வந்தது. மூன்று வாரச் சோதனை. சக்கரத்தில் நகரும் இந்த ரோபோவுக்குச் சுற்றிலும் கேமரா. தடை செய்த இடத்தில் புகைபிடிப்பவர், அனுமதியில்லாமல் கடை விரிப்பவர், தாறுமாறாக நிறுத்திய சைக்கிள், நடைபாதையில் ஓடும் மின்ஸ்கூட்டர், கரோனா விதியை மீறி ஐந்து பேருக்கு மேல் கூடும் கூட்டம் ஆகியவற்றைக் கண்டுபிடித்துக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் அனுப்புவது அதன் பணி. தோ பாயோ 1960-களில் எழுந்த பழைய குடியிருப்பு நகரம். அடுக்குமாடிகளின் கீழே கல்மேசையில் முதியவர்கள் சதுரங்கம் ஆடுகிற ஊர். அவர்களுக்கு நடுவே போகும் அந்த ரோபோ யாருக்கும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை, யாருக்கும் வழி சொல்லவில்லை. பார்த்தது, பார்த்ததைச் சொன்னது.

இந்த வேலையை ரோபோவுக்குத் தரக் கூடாது என்பது என் நிலைப்பாடு. ரோந்துக்கு ஆள் போதவில்லை என்ற வாதம் புரிகிறது. ஆனால், ரோந்து வரும் மனிதர் சந்தர்ப்பம் பார்ப்பார். நடக்க முடியாமல் நாலு கீரைக்கட்டை விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டியை ஓரமாகத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் போவார். கேமராவின் கண்ணுக்கு அது ஒரு மீறல். மீறல் பதிவாகும். பதிவானது எங்கே போகும் என்பதற்கும் சிங்கப்பூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கரோனா தொடர்புத் தடமறிய என்று மட்டும் சொல்லி மக்களிடம் கொடுத்த ‘டிரேஸ்டுகெதர்’ செயலியின் தரவுகளைக் குற்ற விசாரணைக்காகக் காவல் துறை கேட்டுப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பிட்டுச் சட்டம் இயற்றினார்கள். வரம்பு வந்தது நல்லது. அது தரவைக் கொடுத்து முடித்த பிறகு வந்தது. அந்நாட்டின் 2012-ம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும், அரசு அமைப்புகளை அல்ல. தெருவில் ரோந்து போகும் ரோபோ எதைப் பதிவுசெய்யலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாரிடம் தரலாம் என்பதை அது முதல் அடி எடுத்துவைப்பதற்கு முன்பே சட்டமாக்கிவிட வேண்டும்.

நடைபாதை யாருக்கு என்ற தகராறும் இருக்கிறது. 2019-ல் மின்ஸ்கூட்டர் மோதி ஒரு முதிய பெண் இறந்த பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை விதித்தது. உணவு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே நாளில் தடுமாறினார்கள். ஆனாலும் நடப்பவருக்கே முதல் உரிமை என்ற முடிவு சரியானது. அந்த உரிமை ரோபோவுக்கு எதிராகவும் நிற்க வேண்டும். அந்தத் தடைக்கு ஒரு மாதம் முன்பு, 2019 அக்டோபரில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்தருகே சக்கர நாற்காலியில் சாலையைக் கடந்த மாணவி ஒருவர் எதிர்ப்பக்க நடைபாதைக்கு ஏற முடியாமல் தவித்தார். ஏறும் சாய்தளத்தில் உணவு விநியோக ரோபோ ஒன்று அசையாமல் நின்றிருந்தது. அதுவும் சாலையைக் கடக்கக் காத்திருந்ததாம். சிக்னல் மாறப்போகிறது, முதுகுக்குப் பின்னால் வாகனங்கள். அவர் அதைப் பொதுவெளியில் எழுதியதும் பல்கலைக்கழகம் சோதனையை நிறுத்திவைத்தது. ஊனமுற்றோர் இயக்கங்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற நாலடிச் சாய்தளம் அது. மனிதரும் ரோபோவும் ஒரே இடத்துக்கு வந்தால் ஒதுங்க வேண்டியது யார் என்பது நிரலில் மட்டுமல்ல, சட்டத்திலும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம்.

ஜப்பானில் டொயோட்டா இன்னொரு வழியில் போகிறது. ஃபுஜி மலையடிவாரத்தில், சுசோனோ நகரில், மூடிய பழைய கார்த் தொழிற்சாலை நிலத்தில் ‘வோவன் சிட்டி’ என்ற சோதனை நகரைக் கட்டி 2025 செப்டம்பரில் திறந்தது. வேக வாகனங்களுக்கு ஒரு தெரு, மெதுவாகப் போவோருக்கும் நடப்போருக்கும் ஒரு தெரு, நடப்போருக்கு மட்டும் ஒரு தெரு. சரக்குக்கு நிலத்தடிப் பாதை. தேர்ந்தெடுத்த குடும்பங்களைக் குடியேற்றியிருக்கிறார்கள். பொறியாளர்களுக்கு அங்கே கற்க நிறைய கிடைக்கும். ஆனால், அழைப்பின் பேரில் வந்தவர்கள் மட்டும் வாழும் ஊரில் கீரை விற்கும் பாட்டியும் கிடையாது, டார்மிட்டரியும் கிடையாது. சிக்கல்கள் எல்லாம் வெளியே நிற்கும் நகரத்தில் கிடைத்த விடைகள் நம் ஊருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. சிங்கப்பூரில் அப்படியில்லை, எல்லாரும் உள்ளேயே இருக்கிறார்கள். அதனால்தான் அதன் தவறுகளும் நமக்குப் பயன்படும்.

அவற்றில் என்னை மிகவும் வருத்துவது போக்குவரத்தில் இருக்கிறது. உலகிலேயே முதன்முதலாக ஓட்டுநரில்லா டாக்சியில் பொதுமக்களை ஏற்றிச் சோதித்தது சிங்கப்பூர்தான். 2016 ஆகஸ்ட், ஒன்-நார்த் பகுதி. இப்போது பொங்கோலில் குடியிருப்புகளுக்கு இடையே ஓட்டுநரில்லா வாகனங்களை இயக்க 2025-ல் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உணர்கருவிகள் சூழ்ந்த வாகனத்தில் பயணி ஒவ்வொருவருக்கும் இருக்கை, இருக்கைக்கு ஒரு பட்டை. அதே நகரத்தில் அதே காலையில், கட்டுமானத் தொழிலாளர்கள் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். இருக்கை இல்லை, பட்டை இல்லை. தலைக்கு மேல் ஒரு கூரை, பக்கவாட்டில் கம்பி. திடீரென்று பிரேக் அடித்தால் ஒருவர்மேல் ஒருவர் விழ வேண்டியதுதான். விபத்துகள் நடந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. 2023-ல் அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பின் இப்படி ஆட்களை ஏற்றிச் செல்வதைத் தடை செய்யும்படி தொண்டு அமைப்புகள் கூட்டாகக் கோரிக்கை வைத்தன. நாடாளுமன்றத்திலும் விவாதம் நடந்தது. சிறு நிறுவனங்களால் தாங்க முடியாது, போதிய பேருந்துகளும் ஓட்டுநர்களும் இல்லை என்ற நடைமுறைக் காரணங்களைச் சொல்லி முழுத் தடைக்கு அரசு இணங்கவில்லை. ஓட்டுநரே இல்லாமல் பேருந்து ஓட்டும் திறமை உள்ள நாடு, ஓட்டுநர் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்லக் கூடாது. பொங்கோலுக்குப் போவதற்கு முன் அந்த வாகனங்கள் டார்மிட்டரி வாசலுக்குப் போகட்டும்.

நம் பக்கத்து வேலைகளும் இருக்கின்றன. உயரச் சுவருக்கு வண்ணம் அடிக்கும் ‘பிக்டோபாட்’ என்ற ரோபோவைச் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-லேயே செய்து காட்டிவிட்டது. சாரத்தில் தொங்கி வண்ணம் அடிக்கும் ஆபத்து குறைகிறது என்றால் அது வரட்டும். அதை இயக்கும் இடத்தில் யார் நிற்பார் என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும். கொத்து வேலைக்கும் பைப் வேலைக்கும் தமிழ்நாட்டிலேயே திறன் தேர்வு மையங்கள் நடக்கின்றன. தச்சும் வெல்டிங்கும் கற்றுத்தரும் நம் ஐடிஐ-க்களில் கட்டுமான ரோபோவை இயக்கவும் பழுது பார்க்கவும் கற்றுத்தந்தால், இன்னும் பத்தாண்டில் பர்மிட் குறையும்போது நம் பிள்ளை வெறுங்கையோடு ஊர் திரும்ப மாட்டான். வெளிநாடுவாழ் தமிழர் நலனுக்கென்று தனி ஆணையரகம் வைத்திருக்கும் தமிழக அரசுக்கு இது எட்டாத காரியம் அல்ல.

உள்ளூரில் ரோபோவுக்கு எந்த வேலையைக் கொடுத்தோம் என்ற கேள்வியையும் நாம் தவிர்க்க முடியாது. 2017-ல் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உணவு பரிமாறும் ரோபோக்களோடு உணவகம் திறந்தபோது கூட்டம் அலைமோதியது. அதே நகரத்தில் பாதாளச் சாக்கடை அடைப்பை எடுக்க மனிதர் இறங்கினார், இறந்தார். மனிதரை மலக்குழியில் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில், 1993 முதல் பதிவான சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. மருத்துவமனை நடைவழியில் மருந்து சுமப்பதற்கு முன், விமான நிலையத்தில் தரை துடைப்பதற்கு முன், இந்த நாட்டில் ரோபோவுக்கு முதல் வேலை இந்தக் குழிக்குள் இருக்கிறது.

இயந்திரம் இல்லாமல் இல்லை. கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த ‘பேண்டிகூட்’, 2018-ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. மேன்ஹோலின் வாயில் கால் ஊன்றி நின்று, கையை மட்டும் உள்ளே இறக்கி, வாளியில் கசடை அள்ளும். மேலே நிற்பவர் திரையில் பார்த்து இயக்குவார். சென்னை ஐஐடி உருவாக்கிய ‘ஹோமோசெப்’ செப்டிக் தொட்டிக்கானது. குழாய் வழியாக உள்ளே போகும் கத்திகள் தலைகீழான குடைபோல விரிந்து, அடியில் இறுகிய கசடைச் சுழன்று வெட்டிக் கரைக்கும். பம்பு அதை உறிஞ்சி வெளியே எடுக்கும். இதைத் தூய்மைப் பணியாளர் இயக்கத்தோடு சேர்ந்து செய்தார்கள். முதல் இரண்டு இயந்திரங்களை, இந்தத் தொழிலில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமை ஏற்கும் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். இயந்திரமும் வருமானமும் அந்தக் குடும்பங்களின் கையில்.

நம் உள்ளாட்சிகளின் டெண்டர்களில் இந்த ஏற்பாட்டை நிபந்தனையாகவே எழுத வேண்டும். இயக்குபவர் அந்தப் பகுதியின் தூய்மைப் பணியாளராக இருக்க வேண்டும், ஒப்பந்ததாரர் வெளியிலிருந்து கூட்டிவரும் ஆள் கூடாது. பயிற்சி நாட்களுக்கும் கூலி வேண்டும். இயக்கத் தெரிந்தவருக்குச் சிங்கப்பூர்த் துப்புரவாளருக்கு இருப்பதுபோலச் சம்பளத்தில் தனிப்படி வேண்டும். இயந்திரம் பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று வர வேண்டும், வராவிட்டால் அபராதம் எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய இயந்திரம் ஷெட்டில் நிற்க, தெருவில் சாக்கடை பொங்க, வார்டு கவுன்சிலருக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும் அந்தச் சில மணி நேரத்தில்தான் யாரோ ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறக்கப்படுகிறார்.